கல்லடியில் இறங்கியவர்

போன வெள்ளிக்கிழமை காலை, கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தபோது, என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. என்னுடைய கார்தான். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. போடிமெட்டிலிருந்து இறங்கி, கடைசி வளைவு முடிந்து, நேர்ரோடு தொடங்குகிற இடம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியும் சிடுசிடுப்புமாக நான். அளவுக்கு மீறிய வேகத்தில் வந்ததாகவும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தது. படத்தில் இருந்த அந்த நாளில், வளைகாப்புக்காக என் மகளை மூணாறிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஏழாம் மாதம். பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தவள், பாதி மலையில் "அம்மா, தலை சுத்துது, வெரசாப் போ" என்றாள். போனேன். முன்னால் என் இடப்பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. என் கைப்பைகூட இல்லை. படத்தை ஒரே ஒருமுறை பார்த்தேன். விரல் வைத்துப் பெரிதாக்கப் போனவள், பாதியில் விட்டுவிட்டு, கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம் என் பீரோவில் இருக்கிறது. அது காகிதத்தில் அச்சடித்தது. அதைக் கொண்டுவந்தவர் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஜீப்பு ஓட்டினார். ஊரெல்லாம் அவரை ஜீப்புக்காரர் என்றது; எனக்கு அவர் அண்ணன். ஒடிசலான ஆள். சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் ஏலக்காய் வாசனை போகாது. மனைவியோடு என் ஆபீசுக்கு வந்தவர், பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா அவருக்கு இடப்பக்கம், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்க அந்த நடு இடத்தில் போய் உட்காரப் பார்த்தேன். அண்ணன் சட்டென்று கையை நீட்டி மறித்தார். "அங்க வேணாம், வக்கீலம்மா. இந்தப் பக்கம் வாங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஆபீசில், என் பெஞ்சில், எனக்கே இடமில்லையா?

மலை ஜீப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வளைவு முடிகிற இடத்தில், புளியமரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பெயர் கிடையாது. பூ, சூடம், விளக்கு எதுவும் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் வண்டி அங்கே நிற்கும். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், இடப்பக்கத்துக் கதவை அகலத் திறப்பார். "எறங்கிக்கங்க" என்பார். பத்து மூச்சு விடுகிற நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்துவார். பிறகுதான் ஊருக்குள் வண்டி வரும். இறக்கத்தில், மஞ்சு மூட்டத்துக்குள், கேட்காமல் ஒருவர் வந்து ஏறிக்கொள்வாராம். மலையில் அவரால் ஒரு கெடுதலும் இல்லையாம். ஆனால் கல்லைத் தாண்டிக் கொண்டுவந்துவிடக் கூடாதாம். அதற்காகவே இறங்கும்போது முன்சீட்டைக் காலியாக வைத்திருப்பார்கள். கூட்டம் பின்னால் புளிமூட்டையாக நசுங்கினாலும் அதில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். யார் அது என்று கேட்டால் "வர்றவுக" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. நானும் பிறந்ததிலிருந்து கேட்ட கதைதான். பிரேக் சூடு ஆறுவதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று எல்லோரிடமும் பெருமையாக விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணன் படத்தை என் முன்னால் வைத்தார். "நா நின்னுதேன் வந்தேன், வக்கீலம்மா. வேகமா வந்தேங்கிறது பொய்யி. கேசு நடத்துங்க." ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியிருந்தார். இதுவும் சேர்ந்தால் லைசென்சு மூன்று மாதம் போய்விடும் என்ற பயம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அந்த அம்மா குரலைத் தாழ்த்தி வேறு கதை சொன்னார். அன்று காலை ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. அவளையும் அவள் தாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு அடித்துப் பிடித்து வந்திருக்கிறார். வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. எனக்கு ஒரே சந்தோஷம். இதைவிட நல்ல காரணம் எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? அண்ணன் திரும்பி வந்ததும், "அந்தத் தாயைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க, ஒரே வாய்தாவுல முடிச்சிருவோம்" என்றேன்.

"அது வேணாம்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "கல்லுக்கும் இந்தப் படம் எடுத்த எடத்துக்கும் நடுவுல எம்புட்டு தூரம் இருக்கும்? நூறு அடி. நின்னு எடுத்த வண்டி அதுக்குள்ள இந்த வேகம் போகுமா? போகாதுல்ல. அப்ப, வேகமா வந்தேன்னு நா ஒத்துக்கிட்டா, நிக்காம வந்தேன்னுதான அர்த்தம்? வர்றவுகளை எறக்காம ஊருக்குள்ள கொண்டாந்துட்டான்னு மலை பூராம் பேசுவாக. வண்டியில அப்ப யாரு இருந்தா? பெறக்கப் போற பச்ச மண்ணு. அது மேலதான் ஒட்டிக்கிருச்சும்பாக, ஆத்தா. பொட்டப்புள்ள. நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இதைத்தேன் சொல்லுவாக. ஒரு வீட்டுல கூப்பிட்டு உக்கார வைப்பாகளா?"

"சரி, நெசமா நின்னீங்களா, இல்லையா?" என்று கேட்டேன். அவர் பெஞ்சில் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருக்கிற மனிதரின் சம்மதத்துக்காகப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். நட்டநடுப் பகல் பதினோரு மணி, ரோட்டில் பஸ்சு ஹாரன் அடிக்கிறது, எனக்கு முழங்கையிலிருந்து மயிர் கூச்செறிந்தது. அதை மறைக்கத்தான் அவரைத் திட்டினேன் என்று இப்போது தெரிகிறது. "உங்க கிறுக்குக்கெல்லாம் கோர்ட்டு ஆகாது, அண்ணே" என்று கத்தினேன். ஆனாலும் வழக்கை எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவரும் வந்தார்கள். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார இடம் கிடைக்காமல் ஜனம் அலைமோதும். அவருடைய இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் இடம் காலியாகவே கிடக்கும். அவர் யாரையும் தடுக்கவில்லை. நான் கவனித்துப் பார்த்தேன். வருகிறவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பார்கள், உட்காரக் குனிவார்கள், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்கள்போல் நிமிர்ந்து வேறு பக்கம் போய்விடுவார்கள். டீக்காரர் மூன்று டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டுதான சொன்னீக?" என்று தானே விழித்ததையும் ஒருநாள் பார்த்தேன்.

விசாரணை நாளில் நான் தயாராக இருந்தேன். வேகம் அளக்கும் கருவியைச் சரிபார்த்ததற்கான சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. அதை வைத்தே அடித்துவிடலாம். நான் எழுவதற்குள் நடுவர் படத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காரே, அவர் யாரு? அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலையா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அந்தப் படத்தை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இடப்பக்கத்துச் சீட்டில் ஒரு மங்கல் இருக்கும். முன்கண்ணாடியில் புளியமரத்து நிழல் விழுந்திருக்கிறது என்று முடிவுகட்டியிருந்தேன். நடுவர் கேட்ட பிறகு, என் கையிலிருந்த பிரதியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, களைத்துப்போன பயணிபோல் சாய்ந்திருக்கும் ஓர் ஆளைத் தவிர வேறொன்றையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் கூண்டில் கைகட்டி நின்றார். "அவரு கல்லடியிலயே எறங்கிட்டாருங்கய்யா" என்றார்.

படம் எடுத்தது கல்லைத் தாண்டி என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. சாட்சி சொல்ல வந்த போலீஸ்காரர் உள்ளூர்க்காரர். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "வக்கீல், நீங்க சொல்லுங்க" என்றார். சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அன்று மாலையே தீர்ப்பானது.

தீர்ப்பு நகலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நின்னுச்சுன்னு எழுதலையே, ஆத்தா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "விடுதலை ஆயாச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன். அவர் படத்தைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். "சர்க்காரு எழுதலைன்னாப் போகுது. நீங்க எழுதுங்க. வண்டி கல்லடியில நின்னுச்சுன்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டு உங்க சீலைக் குத்துங்க. முத்திரை இருந்தா அதுக்கும் நம்பிக்கை வரும், எறங்கிரும்." முத்திரை குத்திய காகிதத்துக்கு மனிதர்கள் அடங்குவதைக் கோர்ட்டில் பார்த்துப் பார்த்து, அதுவும் அடங்கும் என்று நம்பிவிட்டார். நான் பொய் எழுதிச் சீல் குத்துகிறவள் இல்லை என்று சொல்லிவிட்டேன். படத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். வாசலில் இறங்கும்போது, பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். அவருடைய மனைவி ஏற்கெனவே ரோட்டுக்குப் போயிருந்தார்.

அதன் பிறகு ஒருமுறை அவரைக் கல்லடியில் பார்த்தேன். ஜீப்பின் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். பத்து மூச்சு இல்லை, நூறு மூச்சு ஆகியிருக்கும். கோபித்துக்கொண்டு சாப்பிட வர மறுக்கும் மாமனாரிடம் பேசுவதுபோல், மெதுவாக, பணிவாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் காரில் இருந்த நான் ஹாரன் அடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றுமுதல் நானும் அந்த இடத்தில் நிறுத்தத் தொடங்கினேன். இடப்பக்கக் கதவையும் திறப்பேன். கேட்டவர்களிடம், பிரேக் சூடு ஆறட்டும் என்றேன்.

போன வருடம் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அந்த அம்மா அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னார். "கடைசி வரைக்கும் கட்டில்ல ஓரமாத்தேன் படுப்பாரு. தள்ளிப் படுங்களேன், விழுந்துருவீகன்னா, எடம் இல்லேம்பாரு." அந்தக் குழந்தையையும் அங்கே பார்த்தேன். தாயோடு வந்திருந்தது. நாலு வயது, முழங்காலெல்லாம் சிராய்ப்பு, வாய் ஓயாத பேச்சு. ஒவ்வொருத்தர் மடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை விலக்கவில்லை, யாரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேச விடாமல் அவர் பார்த்துக்கொண்டார். எது வந்ததோ அதைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, கட்டிலில் பாதியைக் கொடுத்து, நாலு வருடம் காவல் காத்திருக்கிறார். நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

இன்று பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பி, "வண்டி கல்லடியில் நின்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் சீலைக் குத்தினேன். காலம் கடந்த வேலைதான். மாடியில் என் மகள் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய போன் கீழே, என் எதிரில், சார்ஜில் கிடக்கிறது. வந்த நாளிலிருந்தே அவள் சோபாவின் வலது ஓரத்தில்தான் உட்காருகிறாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

என் அபராதத்தைக் கட்டுவது ஒரு நிமிட வேலை. நான் கட்டப் போவதில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் மனுப் போடுகிறேன். நடுவர் கேட்டால், கூண்டில் கைகட்டி நின்று சொல்வேன்: என் கார் கல்லடியில் நின்றது. பக்கத்துச் சீட்டில் வந்தவர் அங்கேயே இறங்கிவிட்டார்.