சேலை சாத்தாமல் வில்லியனூரிலிருந்து மடுகரைக்கு

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்பது என் பல வருட ஆசை. சென்னையில் வேலை, பிள்ளைகள் என்று தள்ளிக்கொண்டே போனது. இந்த மார்ச்சில் ஒருநாள் லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். காலைப் பூசை, மாதாவுக்குச் சேலை சாத்துவது, குளக்கரையில் கொஞ்ச நேரம், மதியம் பாண்டியில் மீன் சாப்பாடு. இதுதான் திட்டம். (தவக்கால வெள்ளியில் இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை, கவலைப்படாதீர்கள்.)

பாண்டி பேருந்து நிலையத்தில் காலை 5.20க்கு டவுன் பஸ் ஏறினேன். பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய், அரை மணி நேரம். பையில் நீலக்கரை போட்ட வெள்ளைப் பட்டுச் சேலை. அதை எடுக்கத் தி.நகரில் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தேன்.

இறங்கியதும் நேராகக் கோயில் குளத்துக்குப் போய் நின்றேன். ப்ளஸ் டூ படித்த இரண்டு வருடமும் பள்ளி விட்டதும் நானும் என் தோழி ஸ்டெல்லாவும் இங்கேதான் வருவோம். ஒரு பொட்டலம் வேர்க்கடலை, படிக்கட்டில் இரண்டு பேர், மடுகரை பஸ் வரும்வரை ஓயாத பேச்சு. "எனக்குப் பொண்ணு பொறந்தா நீதான்டி ஞானத்தாய்" என்று அவள் சொன்னது இங்கே வைத்துத்தான். அந்த நாட்கள் திரும்ப வருமா என்று அங்கேயே நின்று ஏங்கினேன்.

பூசையில் வாசித்த நற்செய்தி நான் பலமுறை கேட்டதுதான். காணிக்கை வைக்க வரும் இடத்தில், உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானம் செய்துகொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். பிரசங்கத்தில் சாமியார், "இதக் கேட்டுட்டு நெஜமாவே எழுந்து போனவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவுக்குப் பெண் பிறந்தாள், பெயர் ஜெனி; ஞானஸ்நானத்தில் அவளுக்கு நான்தான் ஞானத்தாய். மடுகரைப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் ஞானத்தாய் நின்று, பிள்ளையின் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்து, பூசை முடியும்வரை தோளில் கை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஜெனிக்குப் புதுநன்மை. நான் ஜுரம் என்று சொல்லிவிட்டு ஆபீஸ்காரர்களோடு மைசூர் போனேன். போனவள் சும்மா இருந்தேனா? கூட வந்த பெண் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட, அதில் சிரித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தேன். மெழுகுவர்த்தி விற்கும் அம்மா என் பையைப் பார்த்தார்.

"இன்னாமா, சேலைய சாத்தலியா?"

"ஒரு வூட்டுக்குப் போய்ட்டு வரணும்."

"போய்ட்டு வா. மாதா எங்க போவப் போறாங்க?"

7.40க்கு நெட்டப்பாக்கம் பஸ். சுமார் பதினெட்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஜன்னலுக்கு வெளியே கரும்பு, நெல், நடுநடுவே புதிதாகக் கல் நட்ட மனைகள். மூன்று முறை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். மூன்றாவது முறை எழுந்தே விட்டேன்.

"மடுகரன்னு சொன்னியேக்கா, இது ஏம்பலம். குந்து" என்றார் கண்டக்டர். குந்தினேன்.

நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். பேரம் பேச மனசில்லை.

ஸ்டெல்லா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மதிய ஷிஃப்ட். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"இன்னாடி, வழி தெரிஞ்சுதா?"

"பொய் சொன்னேன் ஸ்டெல்லா. ஜுரம் எல்லாம் இல்ல. மன்னிச்சுடு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட ஏன் சொல்ற? நின்னது அவ. உள்ள படிச்சினு கீறா, போய் சொல்லு."

ஜெனிக்குப் பதினைந்து வயது, பத்தாவது பரீட்சை. சொன்னேன். அவள் புத்தகத்தை மூடவில்லை.

"பதினோரு பேர் நின்னோம். பத்துப் பேர் தோள்ல கை இருந்துச்சு. அப்புறம் உபதேசியார் வூட்டு அத்தை பெஞ்சிலேந்து எழுந்து வந்து எனக்குக் கை வச்சாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு அவளுக்கு உறுதிப்பூசுதல் என்று சுவரில் குறித்திருந்தது. அதற்கும் ஒரு ஞானத்தாய் வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனியே சொன்னாள்.

"அதுக்கு அந்த அத்தை பேரத்தான் குடுத்துட்டேன்."

"சரிம்மா. நான் வரலாமா?"

வாசலில் துணி உதறும் சத்தம் நின்றது.

"ஒம்போது மணிக்குப் பூச. பின்னாடி பெஞ்சில ஒக்காருங்க" என்றாள் ஜெனி.

ஸ்டெல்லா டீ போட்டாள். என்னைக் கேட்காமலே, நான் எப்போதும் குடிக்கிற மாதிரி சர்க்கரையைப் பாதியாகப் போட்டிருந்தாள். மீன் சாப்பாடு போயிற்று, சேலை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: வில்லியனூரோடு திரும்பினால் அரை நாள் போதும். மடுகரைப் பக்கம் போவதென்றால் தண்ணீர், குடை, சில்லறை அவசியம். நெட்டப்பாக்கத்துக்கு மேல் பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. காலைப் பூசைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே பாண்டி வந்துவிடுங்கள்.

கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்றால் ஏதோ பெரிய காரியம் செய்வது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தமுறை எனக்குக் கிடைத்த வேலை, நான் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பின் பெஞ்சிலிருந்து பார்ப்பது. சனிக்கிழமை மாலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.