அவங்களுக்கு நெல்லிச்சாறு

கரியாலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு மீசைக்காரர் பாட்டிலைத் திறந்து, பச்சையாக ஏதோ குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“நெல்லிக்காய், கறிவேப்பிலை சாறுங்க. ஆன்டிஆக்சிடன்ட் ஜாஸ்தி. டைமுக்குக் குடுக்கலன்னா அவங்க கோச்சிக்குவாங்க.”

“யாரு, வூட்டுக்காரம்மாவா?”

“வயித்துல இருக்கறவங்க. நல்ல பாக்டீரியா. எண்ணெய்ப் பலகாரம் அவங்களுக்கு ஆவவே ஆவாது.”

பெண்டாட்டியைக்கூட யாரும் இத்தனை மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மலையேறும் முன் பஸ் டீக்கடையில் நின்றது. இறங்கிப் போனவர் கை நிறைய மிளகாய் பஜ்ஜியோடு வந்தார்.

“இது இன்னாங்க?” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க,” என்று என் காதோரம் குனிந்தார். “அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

அத்தனையையும் துண்டால் மறைத்துக்கொண்டே தின்றார். அவர்களுக்குத் தெரியாமல் பஜ்ஜியை எங்கே அனுப்பினார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.