நடுவில் படுத்த இரண்டு சிலிண்டர்கள்

இசக்கியப்பனுக்கு ஒரு பழக்கம். வண்டியைத் திறக்காமல் வாயைத் திறக்க மாட்டார். "இழுவை இல்ல, என்னவா இருக்கும்?" என்று யாராவது போனில் கேட்டால், "கொண்டாங்க, பாக்கேன்" என்பதோடு சரி. திரேஸ்புரம் போகிற சாலையில் அவருடைய ஒர்க்ஷாப்புக்கு ஒரு பெயர் இருந்ததென்றால் அது இந்தப் பழக்கம் வாங்கிக் கொடுத்த பெயர்தான். அதனால்தான் அன்றைக்கு வளன் போட்ட கூச்சல் அவருக்கு அப்படி உறைத்தது.

வளன் வாழ்நாளெல்லாம் விசைப்படகு ஓட்டியவர். இப்போது வீட்டோடு இருக்கிறார். மகள் ஜெர்லின் வாடகைக் கார் ஓட்டுகிறாள். துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்களை வாகைக்குளம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அவளுடைய பிழைப்பு. அந்தக் கார்தான் இப்போது மேம்பாலம் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு அதன் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர்களுக்கு மேல் காற்றும் தண்ணீரும் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் தகட்டைப் புதிதாகப் போட்டு மூடியவர் இசக்கியப்பன்.

"ஏலே இசக்கி, நல்லா ஓடுன வண்டியக் கெடுத்துட்டியேலே! காலமெல்லாம் மெஷினோட கெடந்தவன்லா நான். சத்தத்த வச்சே சொல்லுதேன், நீ போட்ட கேஸ்கெட்டு போச்சு."

வளன் இதை இங்கே மட்டும் சொல்லவில்லை. வருகிற வழியில் டீக்கடையிலும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். "நீங்க சும்மா இருங்கப்பா, அண்ணாச்சி பாக்கட்டும்" என்று ஜெர்லின் அதட்டியும் அடங்கவில்லை.

இசக்கியப்பன் பானட்டைத் தூக்கினார். அந்த வண்டியை மூடிய அன்றைக்கு அவருடைய ஊரில் கோயில் கொடைத் திருவிழா. மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பறந்துகொண்டுதான் வேலையை முடித்தார். போல்ட்டுகளை முறையாக முறுக்கினோமா, ஏதாவது விட்டுப்போச்சா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். முதல் துளையில் காற்றழுத்தம் காட்டுகிற கம்ப்ரஷன் கேஜைத் திருகி, ஜெர்லினை ஸ்டார்ட்டர் போடச் சொன்னார். முள் நூற்றறுபதில் போய் நின்றது. நல்லது. இரண்டாவது சிலிண்டரில் அறுபதைத் தாண்டவில்லை. மூன்றாவதிலும் அதே கதை. நான்காவது மறுபடியும் நூற்றறுபது.

படுத்த இரண்டிலும் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுற்றச் சொன்னார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏறியிருக்கும். அசையவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து படுத்தால், நடுவில் கேஸ்கெட் எரிந்து இதன் காற்று அதற்குள் போகிறது என்றுதான் முதல் சந்தேகம் வரும். அது அவர் போட்ட கேஸ்கெட்.

"நான் சொல்லல?" என்றார் வளன். மனிதர் சொன்னது சரியாக வேறு போய்விட்டது!

பிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த கிளிப் ஸ்குரூடிரைவரே வைக்காமல் கழன்று கைக்கு வந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வேலையைக் கவனித்தார்.

கேஸ்கெட் அவர் நினைத்த இடத்தில்தான் எரிந்திருந்தது. ஆனால் தண்ணீர் ஓடுகிற துளைகளைச் சுற்றி வெள்ளையாக என்னமோ பூத்துக் கிடந்தது. ரேடியேட்டர் வாயிலும் அதுவே. சுரண்டி நாக்கில் வைத்தார். உப்பு!

"எம்மா, இதுல என்ன தண்ணி ஊத்துன?"

"நான் எங்க அண்ணாச்சி ஊத்துனேன்? தெனமும் காலையில அப்பாதான் பாத்து ஊத்துவாவ."

இரண்டு பேரும் வளனைப் பார்த்தார்கள்.

"கரைக்குப் போயிட்டு வரும்போது ஒரு கேன்ல கோரிட்டு வருவேன்" என்றார் அவர்.

"கடல்தண்ணியா?"

"பின்ன? போட்டு மெஷினு அதத்தானல குடிச்சிட்டு ஓடுது. வீட்டுக்குக் குடிதண்ணிய வெலைக்கு வாங்குதோம். அதப் போயி வண்டிக்கு ஊத்தவா?"

"அண்ணாச்சி, போட்டுல தண்ணி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் கடலுக்கே போயிரும். இதுல உள்ளயே கெடந்து கொதிக்கும். உப்பு அடைச்சு, சூடேறி, கேஸ்கெட்டு வெந்துட்டு."

இதைச் சொல்லும்போது இசக்கியப்பனுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் பொங்கியது. பெயர் பிழைத்துவிட்டது.

வளன் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பை மாட்டினார். "ஏளா, நாந்தான் கெடுத்துருக்கேன். டீக்கடையில போயி இசக்கி மேல தப்பில்லன்னு சொல்லிட்டு வாரேன்."

"அது கெடக்கட்டும்ப்பா. மூடி வச்ச ரேடியேட்டர்ல தெனமும் தண்ணி ஏன் கொறஞ்சுது?" என்றாள் ஜெர்லின்.

அதற்கான பதில் இசக்கியப்பனின் சட்டைப்பையில் கனத்தது. பழைய வண்டி, அப்படித்தான் குறையும் என்று சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை. கிழவர் வாசலில் நிற்கிறார், இவர் பெயரைக் காப்பாற்றப் புறப்பட்டு.

"அண்ணாச்சி, நில்லுங்க." இசக்கியப்பன் கிளிப்பை எடுத்து நீட்டினார். "கொடைக்குப் போற அவசரத்துல இத நான் முறுக்காம விட்டுருக்கேன். தண்ணி ஒழுகுனது என்னால. நீங்க ஊத்துனது அதுக்குப் பொறவுதான்."

வளன் கிளிப்பையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"ரெண்டு பேருமா சேந்துல்லா எம் பொழப்புல மண்ணப் போட்டிருக்கீய" என்றாள் ஜெர்லின். கோபமாகத்தான் சொன்னாள். "ரெண்டு பேருமா சேந்தே சரி பண்ணித் தாங்க."

அப்படித்தான் நடந்தது. ஹெட்டைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்துச் சமப்படுத்தி, ரேடியேட்டரைக் கழுவி, புதுக் கேஸ்கெட் போட்டு முறுக்கி முடிக்கும்வரை வளன் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கேஜ் நான்கு சிலிண்டருக்கும் ஒரே கணக்கைக் காட்டியது. கடைசியாகத் தண்ணீர்க் குழாய். இசக்கியப்பன் கிளிப்பை முறுக்கிவிட்டு ஸ்குரூடிரைவரை நீட்டினார்.

"நீங்களும் ஒருக்கா பாத்துருங்க."

வளன் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வீட்டிலிருந்து சுமந்து வந்த பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கினார். அவர் ஊற்றுவதற்கு முன்னால் இசக்கியப்பன் குடத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.