ஏப்பம் வரும்வரை பஸ் நிற்கும்

நான் வேலை பார்க்கும் ஊரில் ஒருவருடைய வாய்வை இன்னொருவர் ஏப்பமாக விட்டுத் தருவார். அளந்துவிடுகிறான் என்று நினைக்காதீர்கள். மேற்கு ஜாவாவில், பாண்டுங் நகரத்துக்குப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரம். எண்ணெய்த் துணி நாறும் ஒரு சின்ன அறையில் நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறக் கிடக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் பாக் ஆசெப் (பாக் என்றால் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள்) என் முதுகில் தைலத்தைத் தடவி, பழைய நாணயம் ஒன்றின் விளிம்பால் முதுகெலும்பிலிருந்து விலாப்பக்கமாகக் கோடு கோடாக இழுக்கிறார். நடுநடுவே அவருக்குப் பெரிய ஏப்பம் வருகிறது. என் உடம்பில் இருந்த காற்று அவர் கை வழியாக ஏறி அவர் வாய் வழியாகப் போய்விட்டதாம். 'லெகா?' என்று கேட்பார். நிம்மதியா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டுவேன். இதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் வியாதி இரண்டே வகை. ஒன்று வாய்வு. மற்றது, வாய்வு என்று நினைத்து ஏமாந்தது. முதுகு பிடித்தாலும் வாய்வு, தலை சுற்றினாலும் வாய்வு, மருமகள் முகம் கொடுத்துப் பேசாத அன்று மாமியாருக்கு வரும் மார்வலியும் வாய்வு. மருந்து சோடா. கோலியை அமுக்கி, ஒரே மூச்சில் குடித்து, ஏப்பம் வந்துவிட்டால் ஆள் பிழைத்தான். ஆனால் எங்கள் தெரு இழவு வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த கதை வேறு மாதிரி. நல்லாத்தான் இருந்தாரு, நெஞ்சைப் பிடிச்சாரு, வாய்வுதான்னு சொல்லி ஒரு சோடா குடிச்சாரு, அம்புட்டுத்தான். எந்தப் பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்தாலும் செத்த நேரத்தில் இந்தச் சோடா வந்துவிடும். இதையே கேட்டுக் கேட்டு, மனிதன் நோயால் சாவதில்லை, கடைசியாகக் குடித்த சோடாவால்தான் சாகிறான் என்று எனக்குள் பதிந்துபோயிற்று. மில்லில் பஞ்சுத் திரியை இழுத்துச் சீராக்கும் டிராயிங் மிஷினுக்குப் பிட்டராகச் சேர்ந்த பிறகும் யாராவது சோடா வாங்கிக் கொடுத்தால் வயிறு சரியில்லை என்பேன். வயிறு சரியில்லாதவனுக்குத்தானே சோடா என்று இன்னொன்று வாங்கி வருவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு மில்களுக்கு நம் பக்கத்து பிட்டர்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்த அலையில் நானும் போனேன். மனைவி பேச்சியம்மாள் ஊரிலேயே இருந்தாள். அங்கே போன முதல் வருடம் ஒரு மத்தியானம், தட்டில் சோறு, மேலே ஒரு கருவாடு, எதிரே ஜன்னலில் நல்ல வெயில். ஒரு குறையும் இல்லை. திடீரென்று நெஞ்சு, கழன்ற பெல்ட் மாதிரி அடித்தது. வாய் பஞ்சாகக் காய்ந்தது. விரல் நுனியெல்லாம் மரத்து, கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டன. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பற்றவில்லை. சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போதும் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இங்கே கோலி சோடா கிடைக்காதே, ஊரில் இழவு வீட்டில் என்ன கதை சொல்வார்கள் என்று.

ஓடி வந்த பாக் ஆசெப் என்னைப் பார்த்தார், என் கழுத்தைத் தொட்டார், 'மாசுக் ஆங்கின்' என்றார். காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல் தாண்டி, பாஷை தாண்டி, சோற்றில் இனிப்புச் சோயா ஊற்றுகிற ஒரு நாட்டில், ஒரு மனிதன் என்னைப் பார்த்து வாய்வு என்கிறான். பிறந்த ஊரே வந்து தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. அன்று தொடங்கியது இந்த நாணயச் சுரண்டல். எனக்கு அரைகுறையாகத்தான் அவர் பாஷை தெரியும். காரணம் என்ன என்று கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்து, உன் உடம்பில் ஜன்னல் திறந்து கிடக்கிறது என்பதுபோல் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து என் அறை ஜன்னலைப் பூட்டிக்கொண்டு தூங்கினேன். அவர் சொன்னது அந்த ஜன்னல் இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது.

ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று வருடமும் அது திரும்பத் திரும்ப வந்தது. குளிக்கும்போது வந்தது. சம்பளம் வாங்கும்போதுகூட வந்தது. வராத நாட்களில், ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்துப் படபடப்பு வந்தது. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இது இந்த மண்ணின் கோளாறு. ஊர்க் காற்று பட்டால் போய்விடும். லீவில் போவது, திரும்பி வராமல் இருந்துவிடுவது. யாரிடமும் சொல்லவில்லை. 'பயந்துபோய் ஓடி வந்துட்டான்' என்று சொல்லிவிடக் கூடாதே என்கிற மானம் வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று, பிளேன் ஏறுவதற்கு முந்தின நாள் பாக் ஆசெப்பிடம் முதுகைக் கொடுத்து அழுத்தமாகச் சுரண்டிக்கொண்டேன்.

அங்கேதான் சனி பிடித்தது. வீட்டுக்கு வந்து இறங்கி, கிணற்றடியில் சட்டையைக் கழற்றிவிட்டு முதல் வாளித் தண்ணீரை ஊற்றுகிறேன். பின்னால் பேச்சியம்மாள் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. முதுகு முழுக்கச் செக்கச்செவேல் என்று சாட்டையடி பட்ட மாதிரி வரிவரியாக இருந்திருக்கிறது. நேரே எஸ்டிடி பூத்துக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மச்சான் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடையை விட, ஊர் வம்பு வழக்குகளுக்கு முன்னால் நிற்பதுதான் அவருக்கு இஷ்டம். அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். யார் அடித்தது என்றார். யாரும் அடிக்கவில்லை, காசை வைத்துத் தேய்த்தார்கள் என்றேன். எதற்காம்? வாய்வுக்கு. மச்சான் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி மச்சானைப் பார்த்தாள்.

"மாப்ள, நீங்க மறைக்கிறீய. வாய்வுன்னா சோடா குடிப்பாங்க. முதுகை உரிக்கவா செய்வாங்க?"

தேய்த்தவர் எனக்காக ஏப்பம் விட்டார் என்று விளக்கப்போய், அவர்கள் முகத்தில் இருந்த இரக்கம் இன்னும் கூடியதுதான் மிச்சம். அடித்ததில் ஆளுக்கு மூளையும் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடைப் பேச்சில் அந்த மில்காரன் என்னைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துவிட்டான். மறுநாள் கட்டின கயிறு சங்கிலியாக மாறியது. பார்த்தவன் எல்லாம் இனிமே அந்த ஊர்ப்பக்கம் தலைவச்சுப் படுக்காதே என்றான். எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வாங்காமல், அடிவாங்கிய வீரனாகவே ஊரோடு தங்கிவிடலாம். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், அதை யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் அத்தோடு விடுகிற ஆளா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், இந்தோனேசியா மேல் கேஸ் போட்டுவிடலாம் என்றார். எந்த மில் மேல், எந்த ஆள் மேல் என்றெல்லாம் இல்லை. மொத்த நாட்டின் மேல். நானும், பேச்சியம்மாளும், அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஊர்க் காற்று முகத்தில் அடித்தது. தெரிந்த மலை, தெரிந்த வேப்பமரம், தெரிந்த வசவு. இனி எனக்கு என்ன குறை என்று நினைத்து முடிக்கவில்லை, நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

அதேதான். அச்சு அசல் அதே ஆள். பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், பின்னாடியே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஊரில் இருந்தால் வராது என்று நம்பித்தானே வந்தேன்? இங்கேயும் வருகிறது என்றால் இனி நான் போக வேறு இடம் ஏது? அந்த நினைப்பு வந்ததும் விரல் மரத்தது, பார்வை மங்கியது, மச்சானின் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டேன். பஸ் நின்றது. முன் சீட்டில் இருந்த தெலுங்குப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏமி காதுப்பா, ஒண்ணும் ஆவாது, வாய்வுதான் என்றார். பஸ்ஸே ஆமாம் என்றது. யாரோ இறங்கி ஓடி, ரோட்டோரக் கடையில் சோடா வாங்கி வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். கோலி உள்ளே உருண்டு என்னை முறைத்தது. எத்தனை பந்தல்களுக்குக் கீழே கேட்ட சோடா. என் இழவுக் கதை கண்முன்னே தயாராகி, நுரைத்துக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பயணிகள் கெஞ்சினார்கள். கோர்ட்டில் வாய்தா இருக்கிறது என்று ஒருவர் கோபப்பட்டார். கண்டக்டர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு ஏப்பம். விட்டுட்டீயன்னா நான் விசில் அடிச்சிருவேன்."

எனக்கு வரவில்லை. பாக் ஆசெப் இருந்திருந்தால் எனக்குப் பதிலாக விட்டிருப்பார், பஸ்ஸும் கிளம்பியிருக்கும். கடைசியில் கோபக்காரரே சோடாவைப் பிடுங்கிக் குடித்து, ஒரு ஏப்பமும் விட்டார். கண்டக்டர் யாருடையது என்று பார்க்கவில்லை. விசில் அடித்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலுக்குப் பதில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. ஈசிஜி எடுத்தார், கேள்விகள் கேட்டார், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இத்தனை வருடம் இவ்வளவு சிரமப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வியாதியாவது தர வேண்டாமா? இது பதற்றம் என்றார். நாய் துரத்தினால் உடம்பு ஓடத் தயாராகுமே, அதேதான் இது. ரத்தம் காலுக்குப் பாயும், நெஞ்சு வேகமாக அடிக்கும், எச்சில் வற்றும். மூச்சை வேகவேகமாக இழுப்பதால் விரல் மரத்துப்போகும். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, நாய்தான் இல்லை. ராஜபாளையத்துக்காரனிடம் நாய் இல்லை என்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் புரிந்துவிட்டது. எங்கள் டிராயிங் மிஷினில் பஞ்சுத் திரி அறுந்தால் சிவப்பு லைட் எரிந்து மிஷின் நிற்கும். சில நாள் திரியைக் கவனிக்கும் கண்ணாடிக் கண்ணில் தூசி அடைந்துகொண்டு, திரி அறாமலே லைட் எரியும். புது ஆட்கள் திரியைத் தேடித் தேடிச் சாவார்கள். நான் தூசியைத் துடைத்துவிட்டுப் போவேன். கூலிக்கு மற்றவர் மிஷினில் இதைச் செய்தவன், என் மிஷினில் வருடக்கணக்காகத் திரியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவதை நீளமாகச் செய்யச் சொன்னார் டாக்டரம்மா. பிறகு முதுகைப் பார்த்து, இது என்ன என்றார். சொன்னேன். அவர் நம்பினார். நம்பிய முதல் ஆள்.

வெளியே வராந்தாவில் மச்சான், அப்ப கேஸை யார் மேல போடுறது என்று மட்டும் ஒருதடவை கேட்டார், பதிலை எதிர்பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். பேச்சியம்மாள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை. ஏட்டி, நான் திரும்பிப் போகலை, இங்கேயே இருந்துக்கிடுதேன் என்றேன். கேவலமாகத்தான் இருந்தது. அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"எனக்கும் வரும். தபால்காரர் மணி அடிச்சா வெரலெல்லாம் மரத்துப்போவும். தந்தியோன்னு. நீங்க போன நாள்லருந்து."

யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். சொன்னால் சோடா வாங்கித் தருவார்கள் என்றாள். இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்ன மாதிரி மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தோம். போகிற நர்ஸ் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேச்சியம்மாள் சொன்னாள்.

"இங்க இருந்தாலும் வரும், அங்க இருந்தாலும் வரும். சம்பளம் வர்ற எடத்துல வரட்டும். போயிட்டு வாங்க. மாசம் ஒரு போன் பண்ணுங்க. தபால் மட்டும் போடாதீய."

போனேன். பிளேனில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். இன்று அவன் வந்தால் மூச்சை விட்டுக்காட்டி ஒரு கை பார்த்துவிடுவது என்று. கரை மறைந்தது. கீழே கடல், கடல், கடல். வரவில்லை. நெஞ்சு, சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி நிதானமாக அடித்தது. எனக்கு ஆச்சரியம். ராஜபாளையமும் இல்லாத, பாண்டுங்கும் இல்லாத, ஒரு தெருப்பெயர்கூட இல்லாத அந்த இடத்தில் நான் பூரண சுகமாக இருந்தேன். ஒரு வீடு கட்டிக் குடியேறிவிடலாம் என்றால் பட்டா தர ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிக்கூடப் போயிருப்பேன். பிளேன் இறங்க ஆரம்பித்தது. மேகத்துக்குக் கீழே நெல்வயல்களும் ஓட்டு வீடுகளும் தெரிந்தன. மெதுவாக என் வாய் உலர்ந்தது. அதிலிருந்துதான் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.