மலையூர்ப் பல்லக்கும் என் தோள்பட்டையும்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கோயில் திருவிழாவில் சாமி பல்லக்கு வெளியே வரும்போது மைக் பிடிப்பவன் நான். "தோள் கொடுங்க அண்ணே, தோள் கொடுங்க! இடது பக்கம் சாயுது லா, பார்த்து!" என்று கத்திக்கொண்டே முன்னால் நடப்பேன். பல்லக்கு நல்லபடியாக வீதி சுற்றி இறங்கினால் அதில் பாதிப் பெருமை எனக்கு என்பது என் எண்ணம். மற்றபடி, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என் தோளை அதன் அடியில் வைத்ததில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. என் உயரத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த யோசனையே வராது.

இந்தத் தகுதியோடுதான் நானும் என் மனைவியும் இத்தாலிக்குப் போனோம். நான் விரும்பியது குழுச் சுற்றுலா. பஸ் நம்மை ஏற்றி இறக்கும், இரவானால் எங்கேயாவது சோறும் கறியும் கிடைக்கும். மனைவி அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். "ஆயுசு முழுக்க ஓடியாச்சு. ஒரே ஊருல போய் உட்காரணும்" என்றாள். அவள் தேர்ந்தெடுத்தது மலை உச்சியில் இருக்கும் ஒரு பழைய ஊர். சுற்றிலும் மதில், உள்ளே நுழைய ஒரு கல் வாசல், காரே போகமுடியாத சந்துகள். நான் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நண்பர்களிடம், "மத்திய காலத்து ஊர் லா, சும்மா ஷாப்பிங் டிரிப் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மத்திய காலம் என்றால் எப்போது என்று அவர்கள் கேட்கவில்லை. நல்லவேளை.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. இளவயதில் லண்டனில் வேலை செய்தவர் என்பதால் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். முதல் நாள் மாலை அவர் சமையலறையில் காப்பி குடிக்கும்போது, ஜன்னலுக்கு ஜன்னல் கொடி தொங்குகிறதே, என்ன விசேஷம் என்று கேட்டேன். நாளை ஊர்ப் புனிதரின் திருநாள் என்றார். மரத்தால் செய்த பெரிய சிலையைக் கீழ்வாசல் தேவாலயத்திலிருந்து மேலே உள்ள தேவாலயம்வரை தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்பாவுக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்று ஆரம்பித்தேன். 'நாங்களும் சாமி தூக்குவோம்' என்று தொடங்கிய பேச்சு, இரண்டாவது கோப்பை காப்பிக்குள் 'நான் தூக்குவேன்' என்று ஆகிவிட்டது. அந்த அம்மாள் என்னை மரியாதையாகப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள், வேறு மாதிரி.

"எப்பங்க தூக்குனீங்க?" என்றாள் தமிழில்.

"இவ்வளவு தூரம் வந்து யாரு விசாரிக்கப் போறா?"

"சரி சரி, காப்பியக் குடிங்க."

மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். ஊரில் ரொட்டி சுடுபவர், தூக்குபவர்களுக்குத் தலைவர். கையில் ஒரு வெள்ளை அங்கியும் சிவப்பு இடுப்புத்துணியும். வீட்டுக்கார அம்மாள் மொழிபெயர்த்தார்: தூக்குபவர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, ஓர் இடம் காலி. தூரதேசத்தில் கடவுளைத் தூக்கும் மனிதர் சரியாக இந்த நேரத்தில் வந்திருக்கிறார் என்றால், அது புனிதரே செய்த ஏற்பாடு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். கிள்ளான் பாசாரில் பெண்கள் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பார்களே, அப்படி. அவர் கண்ணில் ஏதோ சிரிப்பு ஓடியது. என்னமோ சொன்னார். "நடுவில் நிற்கட்டும், புதியவருக்கு அதுதான் சரியான இடம் என்கிறார்" என்றார் அம்மாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் உதவிக்காக மனைவியைப் பார்த்தேன்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். "மைக் இருக்காது. அதுதான் கொஞ்சம் கஷ்டம்."

அங்கி எனக்குக் கணுக்கால்வரை வந்தது. இடுப்புத்துணியை மட்டும் வேட்டி கட்டும் பழக்கத்தில் இறுக்கிக் கட்டினேன். அன்று நான் பிறர் உதவியில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். மேளம் கொட்டியது, மணி அடித்தது, ரொட்டிக்காரர் ஒரு குரல் கொடுத்தார். எல்லோரும் குனிந்து நிமிர்ந்தார்கள். சிலையைத் தாங்கிய நீளக் கட்டை மேலே எழும்பி, என் தோளைத் தாண்டி, காதையும் தாண்டி நின்றது. எனக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் தென்னைமர உயரம். என் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பூனை படுத்துத் தூங்கலாம்.

வேறு வழியில்லாமல் கையைத் தூக்கிக் கட்டையைத் தொட்டுக்கொண்டு நடந்தேன். ஆனால் முகம் மட்டும் முழுப் பாரத்தையும் சுமந்தது. பல்லைக் கடித்தேன், புருவத்தைச் சுருக்கினேன். ஜன்னல்களிலிருந்து மக்கள் என்னைக் காட்டிக் காட்டிக் கைதட்டினார்கள். ஒரு பெண் எனக்கென்றே பூ இதழ்களை வீசினாள். நானும் லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். மனைவி கைப்பேசியில் படம் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள்.

"கனமா இருக்கா?"

"தாங்க முடியல."

"ஆமா, அந்தக் காத்து ரொம்பக் கனமாத்தான் தெரியுது."

செங்குத்தான சந்து ஒன்றில் ஏறினோம். அதன் முடிவில் தரை ஒரு திமில்போல எழும்பி, அந்தப் பக்கம் தேவாலயச் சதுக்கத்துக்குச் சட்டென்று இறங்குகிறது. முன்னால் இருந்தவர்கள் திமிலைத் தாண்டிச் சரிவில் இறங்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேட்டின் உச்சியில் நடுவில் இருந்த நாங்கள் மட்டும் நின்றோம். அப்போதுதான் கட்டை இறங்கி வந்தது.

புனிதர் மெலிந்தவராகத்தான் சிலையில் தெரிந்தார். மெலிந்தவர் இல்லை. தோளெலும்பு உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். "முருகா!" என்று கத்தினேன். மைக்கில் பழகிய தொண்டை. அந்தக் கல் சந்து முழுவதும் எதிரொலித்தது.

மேளம் நின்றது. அடுத்த நொடி, தூக்கியவர்கள் அத்தனை பேரும் பதிலுக்குத் தங்கள் புனிதரின் பெயரை ஒரே குரலில் முழங்கினார்கள். பின்னால் இருந்தவர் ஒரு கையால் என் இடுப்புத்துணியைப் பிடித்துக்கொண்டார். எப்படிக் கால் எடுத்து வைத்தேன் என்று தெரியாது. ஆனால் வைத்தேன். அந்தச் சில அடிகள் என் தோளில் உண்மையாகவே சாமி இருந்தார். கண்ணீர் கொட்டியது. பக்தி என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன். மனைவி நம்பவில்லை.

சதுக்கத்தில் இறக்கி வைத்ததும் ரொட்டிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கினார். நீண்ட மேசை போட்டு எல்லோருக்கும் ரொட்டியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொடுத்தார்கள். நீ கத்தியது என்ன என்று கேட்டார்கள். எங்கள் மலைக் கடவுளின் பெயர் என்றேன்.

"மலைக் கடவுளா? அப்படியானால் இந்த ஊரில் அவருக்குச் சிரமம் இருந்திருக்காது" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

அவ்வளவு அன்பாக எனக்குப் பரிமாறியவர்களிடம் அதற்குமேல் நடிக்க முடியவில்லை. நான் தூக்குபவன் இல்லை, எங்கள் ஊரில் முன்னால் நின்று கத்துபவன் என்று சொல்லிவிட்டேன். அம்மாள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மேசை முழுவதும் சிரித்தது. ரொட்டிக்காரர் தன் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது.

"உங்கள் தோளைத் தொட்டபோதே தெரியுமாம்" என்றார் அம்மாள். "அதனால்தான் நடுவில் விட்டாராம். அந்த மேட்டில் நடுவில் நிற்பவன் எவனாக இருந்தாலும் தூக்கித்தான் ஆகவேண்டுமாம்."

மனைவி சிரித்துச் சிரித்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்று மாலை என் தோளில் தைலம் தேய்த்தபோது, "ஆனா அந்த மேட்டுல நீங்க விடல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது குறைவு. அதனால் வலிக்கிறது என்று சொல்லாமல் தோளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் காட்டினேன். குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும், கட்டைக்கும் எனக்கும் நடுவே வானம் தெரியும் படத்தைத்தான் போட்டாள். மேட்டில் நின்ற படம் இல்லை. அந்த நேரத்தில் அவளும் அழுதுகொண்டிருந்ததால் எடுக்கவில்லையாம்.

ஊர் திரும்பியும் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இயன்முறை சிகிச்சையாளரிடம் போனோம். சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான்.

"எப்படி ஆச்சு அங்கிள்? பேட்மிண்டனா?"

"இல்லம்மா. இத்தாலியில ஒரு மலையூர்ல புனிதரோட பல்லக்கத் தூக்கினேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள்.

"பேட்மிண்டன்னே எழுதிக்கோம்மா" என்றாள் மனைவி.