காலையில் இருந்தார்

மதுரை ஸ்டேஷன், உச்சிவெயில். ஜப்பான் குண்டுவீச்சுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து வந்தவர்களை இறக்கிவிட்டு ரயில் நிற்கிறது. நோயாளிகளில் ஒருவராக வரும் கணவரைத் தேடி திருவாதவூரிலிருந்து வந்திருக்கும் ஒரு அக்கா, என் கையிலிருக்கும் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து வழிமறிக்கிறார்.

"அம்புட்டு படிச்சிருக்கீக தம்பி, வாயத் தெறந்து நோயாளிகளோட வந்த அந்த நர்ஸம்மாட்ட கேளுங்க!"

அவர் கணவரின் பேரைச் சொல்லிக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாய்ப்பாடு போல ஒரே ராகத்தில் ஒப்பித்துப் படித்த இங்கிலீஷ். கேள்வியும் அப்படியே வருகிறது.

"இன்று காலையில் அவர் உயிரோடு இருந்தார்" என்று வெள்ளைக்கார நர்ஸ் இங்கிலீஷில் சொல்கிறார். 'காலையில்' என்ற சொல்லில் மட்டும் அவர் குரல் அழுந்தி இறங்கி, லேசாக மேலேறி, முடியாமல் நின்றுவிடுகிறது. புத்தகத்தில் படித்திருந்தால் இது நல்ல சேதி. சொல்லாத மிச்சம் அந்தக் குரலில் இருக்கிறது.

"காலையில உசிரோட இருந்தாராம்க்கா." என் குரலும் அதே சொல்லில் போய் அழுந்துகிறது.

அக்கா என் முகத்தையே பார்க்கிறார். "இப்ப?"

அதை இங்கிலீஷில் கேட்க நான் சொல் தேடுகிறேன். அதற்குள் நர்ஸ் வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார்.