லூலா பாடிய தட்டு

பருத்தி விளையும் தெற்கத்தி ஊரான கிரீன்வுட்டில், கறுப்பினப் பெண்கள் தலைமுடியை நேராக்க வெர்லீன் கேடிஸைத்தான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அடுப்பில் காய்ந்த இரும்புச் சீப்பை முடியில் இழுத்துக்கொண்டே அவள் கேட்பாள்: "கட்டிலுக்கடியில பழைய ப்ளூஸ் பாட்டுத் தட்டு ஏதாச்சும் கெடக்கா, மிஸ்?"

கிடந்தது. மாவுப் பீப்பாய்க்கு மூடியாக, கோழிக்கூட்டில் ஓட்டை அடைக்க, எப்படியெல்லாமோ கிடந்தது. கூலிக்குப் பதிலாக அவற்றை வாங்கி வந்து, கழுவித் துடைத்து, துணி சுற்றி அடுக்குவாள்.

"இன்னும் கொஞ்சம் சேந்துச்சுன்னா நான் கோழியோடதான் படுக்கணும்" என்பான், ஜின்னிங் மில்லில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஹோசியா.

"கோழிங்க சம்மதிக்கணுமே!"

வடக்கேயிருந்து வெள்ளைக்கார இளைஞர்கள் தட்டு தேடிக் கார்களில் வரத் தொடங்கியிருந்த காலம். அவர்கள் வாசலோடு திரும்பினார்கள். வெர்லீன் அடுப்படிவரை போகிறவள். அப்படித்தான் ஒரு வீட்டில் பூந்தொட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தாள். 'லூலா டார்ப்ளி' என்று போட்டிருந்தது. யாரும் கேள்விப்படாத பெயர். வீட்டுக்கு வந்து கிராமபோனில் போட்டால், அழுகையைப் பல்லில் கடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு குரல். பக்கத்திலேயே நடந்து வருகிற மாதிரி ஒரு கிதார்.

அதன்பின் யார் தலையை வாரினாலும் அந்தப் பெயரைத்தான் விசாரித்தாள். ஒருநாள் ஒருத்தி ஈரத்தலையோடு திரும்பிச் சிரித்தாள். "லூலாவா? எங்க சர்ச்சுல முன்வரிசையில உக்காந்திருக்குமே, அந்தம்மாதான்!"

ஞாயிறு மதியம், ஹோசியா டிரக்கை ஓட்ட, கிராமபோன் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனாள். மிஸ் லூலா வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தட்டு விஷயம் என்றதும் தலையை ஆட்டினார்.

"சர்ச்சுல சேந்ததும் அந்தப் பிசாசுப் பாட்டையெல்லாம் எப்பவோ விட்டாச்சு, பொண்ணே. போயிட்டு வா."

"பாடச் சொல்லல, மிஸ் லூலா. கேக்கத்தான் சொல்றேன்."

பட்டாணி உரித்த கை நின்றது. "மெம்பிஸ்ல ஒரு ஓட்டல் ரூம்ல வச்சுப் பதிஞ்சாங்க. தட்டு அனுப்புறோம்னாங்க. வரவேயில்ல. எப்படிப் பாடியிருந்தேன்னே எனக்குத் தெரியாது."

தட்டு சுழன்றது. அவர் அழவில்லை. செருப்புக் கால் தாளம் போட்டது. முடிந்ததும், "மூணாவது அடியில அவசரப்பட்டிருக்கேன்" என்றார். பிறகு மெதுவாக, "கிதார் எங்கண்ணன் சைலஸ். அந்தக் குளிர்காலத்துலயே காய்ச்சல்ல போயிட்டான். அவன் வாசிச்சது என் காதைவிட்டே போச்சுன்னு நெனச்சிருந்தேன். இன்னொரு தடவ போடும்மா."

சாயங்காலம்வரை போட்டார்கள். கிளம்பும்போது வெர்லீன் தட்டையும் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

"பெட்டியையுமா?" என்றான் ஹோசியா.

"பெட்டி இல்லாம தட்ட வச்சு என்ன பண்ணுவாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான்; வண்டியைக் கிளப்பினான்.

சர்ச்சின் மூப்பரான டீக்கன் முறைத்தும் மிஸ் லூலா ஜன்னலைச் சாத்தவில்லை; சாகும்வரை அண்ணனைக் கேட்டார். அவருடைய மகள் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தபோது தட்டு ஊசி தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதைத் தேடி வந்த வடக்கத்திப் பையன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ஐயோ, மேடம்! வேற எங்கயுமே கிடைக்காத தட்டு. இப்படி வீணாப் போச்சே!"

"வீணாவா? கேக்க வேண்டியவங்க கேட்டுட்டாங்க, தம்பி" என்றாள் வெர்லீன். அவன் முகம் வாடியதைக் காணப் பொறுக்காமல், வறுத்த மீனும் சோளரொட்டியும் வைத்து உட்காரச் சொன்னாள். அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்துத் துணியைப் பிரித்து, அவன் கேட்கப் பெட்டியில் வைத்தாள்.